24 அடிப் படகுக்கு எந்த ஸ்பின்னேக்கர்? போல் போதுமா, ஸ்பிரிட் போட்டு ஏசிம் வாங்கலாமா?

ஆரம்பாக்கம்24 | சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஊர் ஆரம்பாக்கம், தமிழ்நாடு முடிந்து ஆந்திரா தொடங்கும் இடம். போன வருடம் பழைய 24 அடி கீல் படகு (அடியில் கனமான கீல் வைத்த பாய்ப் படகு) ஒன்று வாங்கினேன். படகு சென்னைத் துறைமுகத்துக்குள் நிற்கிறது. ஞாயிறுதோறும் உள்ளேயே சிறிய சுற்று ஓடுகிறோம். ஐந்து படகுகள், ஐந்தும் வேறு வேறு வகை. அதனால் ஹேண்டிகேப் எண் வைத்துத்தான் முடிவு பார்க்கிறோம். ஓடிய நேரத்தை எண்ணால் பெருக்கினால் திருத்திய நேரம். குறைவாக வருபவர் ஜெயித்தார்.

இப்போது நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து நீண்ட ஓட்டம் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். மார்ச் கடைசியில் துறைமுக வாயிலில் கிளம்பி, பழவேற்காடு கலங்கரை விளக்கத்துக்கு நேரே கடலில் முடிப்பது. சுமார் 20 கடல் மைல்.

படகோடு வந்தது பழைய சிம்மெட்ரிக் ஸ்பின்னேக்கரும் (பின்காற்றுக்கு ஏற்றுகிற, இரு பக்கமும் ஒரே மாதிரியான பெரிய பாய்) ஒரு போலும் (அந்தப் பாயின் ஒரு முனையை வெளியே தள்ளிப் பிடிக்கிற கம்பு). அதற்கு எனக்கு வைத்திருக்கும் எண் 0.880. முன்னால் ஸ்பிரிட் (மூக்கிலிருந்து நீளும் கம்பு) பூட்டி, பெரிய ஏசிம் (இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத ஸ்பின்னேக்கர்) போட்டால் 0.890 ஆக்குவோம் என்கிறார்கள். ஸ்பின்னேக்கரே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் 0.860.

என்னோடு வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் நன்றாகப் பழகியவர், இன்னொருவர் என் மைத்துனர், ஆறு மாதப் பழக்கம். ஏசிம் சுலபம் என்று பலரும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

காசிமேடு கயிறு | சனி, இரவு 10:25

தம்பி, வாங்க வேண்டாம். போலோடு பழகுங்கள்.

உங்கள் படகு தண்ணீரில் படும் நீளம் 20 அடி இருக்குமா? அந்த மாதிரிப் படகுக்கு வேகத்தின் கூரை 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) பக்கம். 20க்கு வர்க்கமூலம் எடுத்து 1.34ஆல் பெருக்கிப் பாருங்கள். காற்று 14 நாட் வந்துவிட்டால் எந்தப் பாய் போட்டாலும் அந்தக் கூரையில் போய் முட்டி நிற்கும். லேசான படகு என்றால் தண்ணீர் மேல் எழும்பி ஓடும், அதற்கு ஏசிம் கொடுத்தால் பறக்கும். கீல் வைத்த கனமான படகுக்கு அந்தக் கதை இல்லை.

ஏசிம் காற்றுக்கு நேர் பின்னால் ஓடாது. மெயினின் (முதன்மைப் பாயின்) நிழலில் மாட்டிக்கொண்டு தொங்கிவிடும். அதனால் கோணம் எடுத்து வளைந்து வளைந்து போகவேண்டும். நேர் பின்னாலிருந்து 30 டிகிரி விலகினால் தூரம் 15 சதவீதம் கூடுகிறது. 40 டிகிரி விலகினால் 30 சதவீதம். கூடிய தூரத்தை வேகத்தில் திருப்பி எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 6 நாட் காற்றில் முடியும், ஏனென்றால் கோணம் எடுத்தால் படகு உயிர் பெறும். 14 நாட்டில் உங்கள் படகால் முடியாது.

தடா420 | சனி, இரவு 10:50

அண்ணா, நான் டிங்கி (சிறிய பாய்ப் படகு) ஓட்டுகிறவன். ஆனால் 2018 ஆசியப் போட்டியில் வருண் தக்கரும் கே.சி. கணபதியும் 49இஆர் ஓட்டி வெண்கலம் எடுத்தபோது எல்லாம் ஏசிம்தானே? இப்போது வருகிற புதுப் படகுகள் எல்லாமே ஸ்பிரிட்டோடுதான் வருகின்றன. போல் என்பது பழசு இல்லையா?

காசிமேடு கயிறு | சனி, இரவு 11:05

49இஆர் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிற படகு தம்பி. அது தன் வேகத்தாலேயே தோன்றும் காற்றை முன்னுக்கு இழுத்துக்கொள்ளும். அதற்கு ஏசிம்தான் சரி. பாய் பழசா புதுசா என்பதை விட, அந்தப் படகுக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். இன்றைக்கும் 420, 470 டிங்கிகள் இரண்டும் போலோடுதானே ஓடுகின்றன.

எண்ணூர் அணியம் | ஞாயிறு, காலை 6:15

கயிறு அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் அதெல்லாம் நேர் பின்காற்றுக்கு. ஆரம்பாக்கம் சார் கேட்டது பழவேற்காடு ஓட்டம். பாய் வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து எந்தக் காற்று, எந்தக் கோணம் என்று எழுதிப் பாருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

துறைமுக வாயிலிலிருந்து பழவேற்காடு விளக்கு கிட்டத்தட்ட நேர் வடக்கு. மார்ச் மாதம் பகலில் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். வடக்கே போகிற படகுக்கு அது மூக்கிலிருந்து 135 டிகிரி, வலது பின்பக்கம். தொடக்கத்தில் காற்று இன்னும் கிழக்கில் இருந்தால் 110. மாலையில் தெற்கே திரும்பினால் 160, 170. நீரோட்டமும் அந்த மாதங்களில் வடக்கே போவதுதான், அதனால் எல்லோருக்கும் உதவி.

அப்படியானால் உங்களுக்குத் தேவை 110 முதல் 170 வரை. ஏசிம் 90 முதல் 150 வரை அழகாக ஓடும், அதற்கு மேல் தடுமாறும். சிம்மெட்ரிக், போலை முன்னால் ஃபோர்ஸ்டே (பாய்மரத்தை முன்னாலிருந்து பிடிக்கிற கம்பி) வரை விட்டால் 110 வரை வரும், பின்னால் இழுத்தால் 180 வரை போகும். உங்கள் நாளின் முழுக் கோணமும் கையில் இருக்கிற பாய்க்குள்ளேயே அடங்குகிறது.

இன்னொன்று. ஏசிம் சுலபம் என்று சொல்வது ஜைப்புக்காக, அதாவது பின்காற்றில் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவதற்காக. போலைக் கழற்றி மறுபக்கம் மாட்டுகிற வேலை இல்லை என்பதால். இந்த ஓட்டத்தில் எத்தனை ஜைப்? காற்று வலது பக்கம், பூம் (மெயினின் அடிக் கம்பு) இடது பக்கம், 20 மைலும் அப்படியே. ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்குவதுதான் வேலை. ஜைப்பே இல்லாத ஓட்டத்துக்கு, ஜைப் சுலபம் என்று 0.010 கூடுதல் எண் ஏன் வாங்கவேண்டும்?

ஆரம்பாக்கம்24 | ஞாயிறு, காலை 7:30

அக்கா, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. 0.010 என்பது எவ்வளவு நேரம்? எனக்கு எண்ணாகப் பார்த்தால் புரியவில்லை.

எண்ணூர் அணியம் | ஞாயிறு, காலை 8:10

நான்கு மணி நேரத்தில் முடிக்கிறீர்கள் என்று வையுங்கள். 14,400 விநாடி.

0.880 என்றால் திருத்திய நேரம் 12,672 விநாடி. அதே 12,672 வரவேண்டும், எண் 0.890 என்றால் 14,238 விநாடியில் முடிக்கவேண்டும். அதாவது ஏசிம் உங்களுக்கு நான்கு மணி நேரத்தில் 2 நிமிடம் 42 விநாடி சம்பாதித்துக் கொடுத்தால் சமம். அதற்கு மேல்தான் லாபம்.

இப்போது மறுபக்கம். ஸ்பின்னேக்கர் இல்லாமல் 0.860. 12,672ஐ 0.860ஆல் வகுத்தால் 14,735. அதாவது வெறும் மெயினும் ஜிப்பும் (முன் பாய்) வைத்து, 5 நிமிடம் 35 விநாடி தாமதமாக வந்தாலும் சமம். 135 டிகிரியில் 10 நாட் காற்றில் ஸ்பின்னேக்கர் இல்லாவிட்டால் அரை நாட் குறையும். 5 நாட்டில் 20 மைல் 4 மணி நேரம். 4.5 நாட்டில் 4 மணி 27 நிமிடம். ஐந்தரை நிமிடச் சலுகைக்காக 27 நிமிடத்தை விடலாமா? இந்த ஓட்டத்துக்கு ஸ்பின்னேக்கர் கட்டாயம் வேண்டும்.

ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுக்கு இதே கணக்கைப் போடுங்கள். ஒன்றரை மணி நேர ஓட்டம், 5,400 விநாடி. 0.880க்கும் 0.860க்கும் இடைவெளி அங்கே 2 நிமிடம் 6 விநாடி. பின்காற்றில் ஓடுவது மொத்தம் அரை மணி நேரம் என்றால், ஸ்பின்னேக்கர் 10 சதவீதம் வேகம் கூட்டினால் சம்பாதிப்பது 3 நிமிடம். மீதி 54 விநாடி. ஒருமுறை ஏற்றும்போது சிக்கினால் அது போய்விடும். மூன்று பேர், அதில் ஒருவர் புதியவர் என்றால் ஞாயிறு மட்டும் 0.860இல் ஓடுவது நல்லது. இரண்டு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளுக்கு எந்த எண் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிடுங்கள். ஐ.ஆர்.சி. என்ற ஹேண்டிகேப் முறையின் சான்றிதழிலும் ஸ்பின்னேக்கர் இல்லாத எண் தனியாக உண்டு. புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை.

பழவை பாடு | ஞாயிறு, பகல் 12:20

பழவேற்காட்டிலிருந்து. முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள் என்று அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் ஏரியில் மீன்பிடிக்க பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எல்லா இடமும் ஒன்றுபோல் இல்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு மாதிரி, உள்ளே இருப்பது ஒரு மாதிரி. அதனால்தான் முறை மாறி மாறி வரும். நல்ல இடம் ஒருவனிடமே தங்காது. பாடு பேசி முடித்த பிறகுதான் வலை தண்ணீரில் இறங்கும். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்ததால் உங்கள் ஹேண்டிகேப் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். எண்ணை யார் முடிவு செய்கிறார்கள்? ஓட்டம் முடிந்த பிறகு, இவன் ரொம்ப வேகமாக வந்துவிட்டான் என்று மாற்றுவீர்களா?

அப்புறம் இன்னொரு விஷயம். எங்கள் பக்கத்துப் பழைய நாட்டுப் படகிலும் பாய் விரிக்கிறோம். பாயைத் தூக்குகிற கயிறு ஆஞ்சான், பாயின் கீழ்முனையைப் பிடிக்கிற கயிறு தாமான். தாமானைக் கையில் பிடித்தவன் வேறு எதையும் பார்க்கமாட்டான், பாயின் ஓரத்தை மட்டும் பார்ப்பான். உங்கள் மைத்துனருக்கு அந்த வேலை ஒன்றை மட்டும் கொடுங்கள்.

காசிமேடு கயிறு | ஞாயிறு, பகல் 1:40

அருமையாகச் சொன்னீர்கள். ஸ்பின்னேக்கர் ஷீட்டும் (எங்கள் தாமான்) அதேதான். காற்றுப்பக்க ஓரம் வெற்றிலை மடிவதுபோல் தோள்பட்டையில் லேசாக மடியவேண்டும். உள்ளங்கை அளவு மடிந்தால் சரி. மடியவே இல்லை என்றால் இழுத்துக் கட்டிவிட்டீர்கள், கொஞ்சம் விடுங்கள். முழங்கை அளவு மடிந்தால் இழுங்கள். நான்கு மணி நேரமும் விடுவதும் இழுப்பதுமாக இருக்கவேண்டும். கட்டிவைத்துவிட்டு டீ குடித்தால் 0.3 நாட் போய்விடும்.

போல் காற்றுக்குக் குறுக்காக நிற்கவேண்டும், மேஸ்ட் (பாய்மரம்) உச்சியில் இருக்கிற காற்றுக்காட்டியைப் பார்த்து வையுங்கள். உயரத்துக்கு, பாயின் இரண்டு கீழ்முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஷீட் பக்க முனை மேலே நின்றால் போலைத் தூக்குங்கள், கீழே தொங்கினால் இறக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எண்ணூர் அணியம் | ஞாயிறு, பகல் 2:30

பாடு அண்ணன் கேட்ட கேள்வி முக்கியமானது. உலகத்தில் இரண்டு வகையாகவும் செய்கிறார்கள்.

ஐ.ஆர்.சி., ஓ.ஆர்.சி. இரண்டும் படகை அளந்து எண் கொடுப்பவை. நீளம், எடை, பாய்ப் பரப்பு எல்லாம் உள்ளே போகும், எண் வெளியே வரும். ஐ.ஆர்.சி. சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை, அதற்கேற்றபடி படகு கட்டிவிடக்கூடாது என்பதற்காக. ஓ.ஆர்.சி. சூத்திரத்தை வெளியிட்டுவிடுகிறது. ஓட்டுபவர் நல்லவரா சுமாரானவரா என்பது இரண்டிலும் கணக்கில் வராது. அமெரிக்காவில் பரவலாக இருக்கும் பி.எச்.ஆர்.எஃப். வேறு மாதிரி. அந்த வகைப் படகுகள் இதுவரை ஓடியதைப் பார்த்து ஒரு குழு உட்கார்ந்து எண் வைக்கும். அங்கே ஒரு மைலுக்கு இத்தனை விநாடி என்று கணக்கு. 6 விநாடி வித்தியாசம் என்றால் 20 மைலுக்கு 2 நிமிடம், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 2 நிமிடம். நம் பெருக்கல் முறையில் காற்று விழுந்து ஓட்டம் ஆறு மணி நேரமானால் இடைவெளியும் கூடும்.

ஓட்டம் முடிந்த அன்றே மாற்றக்கூடாது. சீசன் முடிந்து, எல்லா ஓட்டத்தையும் பார்த்து மாற்றலாம். ஐந்து படகு நண்பர்கள் என்றாலும் இதை எழுதிவையுங்கள். எண்ணில் சந்தேகம் வந்தால் நட்பில் விரிசல் வரும், நான் பார்த்திருக்கிறேன்.

தடா420 | ஞாயிறு, மாலை 5:05

அக்கா, இழைக்குச் சம்பந்தம் உள்ள கேள்விதான். எங்களிடம் பழவேற்காடு ஏரியில் ஓட்ட ஒரு 420 இருக்கிறது. நண்பன் 29இஆர் (49இஆர் மாதிரியே, அதைவிடச் சிறியது) வாங்கலாம் என்கிறான். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் நியாயமாக இருக்குமா?

எண்ணூர் அணியம் | ஞாயிறு, மாலை 6:40

டிங்கிக்கு போர்ட்ஸ்மவுத் எண் இருக்கிறது. ஓடிய நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்கவேண்டும். 420க்கு 1100ஐ ஒட்டி, 29இஆருக்கு 900ஐ ஒட்டி. நான் சிறு வயதில் இரண்டிலும் ஓடியிருக்கிறேன். 29இஆர் ஒரு மணி நேரத்தில் முடித்தால், 420 ஒரு மணி 13 நிமிடம் 20 விநாடியில் வந்தால் சமம். ஸ்பின்னேக்கர் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கியது, தனியாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் காற்று 5 நாட் என்றால் 420க்குச் சாதகம். 15 நாட் என்றால் 29இஆர் எழும்பி ஓடிவிடும், அன்றைக்கு எந்த எண்ணும் உங்களைக் காப்பாற்றாது.

ஆனால் ஏரியில் 29இஆர் வேண்டாம் என்பேன். பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான். ஸ்பின்னேக்கர் ஏற்றிக் கவிழ்ந்தால் மேஸ்ட் நேராகச் சேற்றில் குத்தும். நிமிர்த்தவே முடியாது, அவசரப்பட்டு இழுத்தால் மேஸ்ட் வளையும்.

பழவை பாடு | ஞாயிறு, மாலை 7:15

அதோடு வலை நட்ட கம்புகள் இருக்கும் தம்பி. வேகமாக ஓடுகிற படகோடு வராதீர்கள், மிதமாக ஓடுகிற படகோடு வாருங்கள். கரையில் வந்து கேட்டால் எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டித்தருகிறோம்.

ஆரம்பாக்கம்24 | புதன், இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. ஏசிம் வாங்கவில்லை. இருக்கிற சிம்மெட்ரிக்கோடு போவது என்று முடிவு. ஞாயிறு சுற்றுக்கு 0.860 என்று எழுதிக்கொடுத்துவிட்டேன்.

ஒரு சங்கடம் வந்திருக்கிறது. படகு விற்றவர் கொடுத்த தாளில் ஸ்பின்னேக்கரின் நடு அகலம் 4.2 மீட்டர் என்று இருந்தது. அதை வைத்துத்தான் 0.880 போட்டார்கள். நேற்று பாயைக் காயவைக்க, தெரிந்தவர் திருமண மண்டபத்துத் தரையில் விரித்தோம். சும்மா அளந்து பார்க்கலாம் என்று டேப் வைத்தால் 4.6 வருகிறது. மூன்று முறை அளந்தோம். மைத்துனர் ஒரு முனை, நான் ஒரு முனை, மண்டபத்துக் காவலாளி நடுவில் பிடித்துக்கொண்டார். பக்க ஓரங்கள் இரண்டும் 8.6, அடி ஓரம் 5.0. அவை தாளில் உள்ளபடியே இருக்கின்றன. இதற்கு என்ன செய்வது?

எண்ணூர் அணியம் | புதன், இரவு 9:30

ஐ.ஆர்.சி. பரப்புக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். பக்க ஓரங்களின் சராசரியை எடுங்கள். அடி ஓரத்தோடு நடு அகலத்தின் நான்கு மடங்கைக் கூட்டி ஐந்தால் வகுங்கள். இரண்டையும் பெருக்கி, 0.83ஆல் பெருக்குங்கள்.

4.2 என்றால் 31.1 சதுர மீட்டர். 4.6 என்றால் 33.4. நடு அகலத்துக்கு நான்கு மடங்கு எடை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், அதனால் 40 சென்டிமீட்டர் இரண்டே கால் சதுர மீட்டராகிவிடுகிறது. இந்தப் பாயின் பரப்பு முழுவதும் தோளிலும் வயிற்றிலும்தான் இருக்கிறது.

நடு அகலம் இன்னொரு இடத்திலும் முக்கியம். அது அடி ஓரத்தில் 75 சதவீதம் இருந்தால்தான் ஸ்பின்னேக்கர். அதற்குக் கீழே போனால் ஜிப் வகையில் சேர்ந்துவிடும், எண் வேறு. கோட் ஸீரோ (லேசான காற்றுக்கான தட்டையான முன் பாய்) என்ற பாயின் பின் ஓரம் படபடவென்று அடித்துக்கொள்வது இதனால்தான். தட்டையாக வெட்டவேண்டிய பாயை 75க்குக் கொண்டுவர ஓரத்தில் துணி சேர்க்கிறார்கள். உங்களுடையது 92 சதவீதம், அதில் பிரச்சினை இல்லை.

நண்பர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

காசிமேடு கயிறு | புதன், இரவு 9:45

ஆமாம் தம்பி, சொல்லிவிடுங்கள். ஓட்டத்துக்கு முன்னால் சொன்னால் அளவு. பின்னால் தெரிந்தால் அதற்கு வேறு பெயர்.

ஆரம்பாக்கம்24 | வியாழன், காலை 7:00

சொல்லிவிட்டேன். 0.883 ஆக்கியிருக்கிறார்கள். சரி என்று ஏற்றுக்கொண்டேன்.

பழவை பாடு | வியாழன், காலை 9:10

வரும்போது எண்ணூர், காட்டுப்பள்ளிக்கு வெளியே கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். இரண்டு துறைமுகம் அடுத்தடுத்து இருக்கிறது. அவற்றுக்குக் கடல்பக்கமாகப் போவதா, கரைப்பக்கமாகவா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். கப்பலின் மறைவில் போனால் காற்று திடீரென்று செத்துவிடும், தாண்டியதும் ஒரே அடியாக வரும். அந்த இடத்தில்தான் படகு சாயும். விளக்குக்கு வடக்கே போகவேண்டாம், ஸ்ரீஹரிகோட்டா பக்கம் ஏவுதல் நாள் அறிவிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முகத்துவாரத்துக்குள் கீல் படகு வராது, மணல் அடைத்திருக்கும். வெளியே நங்கூரம் போடுங்கள், எங்கள் ஃபைபர் படகு வந்து அழைத்துவரும்.

காசிமேடு கயிறு | வியாழன், காலை 10:30

கப்பலைத் தாண்டும் முன்னால் கிக்கர் கயிற்றை (பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கிற கயிறு) ஒருவர் கையில் வைத்திருக்கட்டும். படகு சாய்ந்து மூக்கைக் காற்றுக்குத் திருப்ப ஆரம்பித்தால் முதலில் கிக்கரை விடுங்கள், அடுத்து ஸ்பின்னேக்கர் ஷீட்டை விடுங்கள். காற்றுப் பக்கக் கயிற்றை விடாதீர்கள், போல் முன்னால் போய் இன்னும் மோசமாகும். பின்காற்றில் இடவலமாக ஆட ஆரம்பித்தால் ட்வீக்கரை (ஷீட்டைக் கீழே இழுக்கிற சிறு கயிறு) இறக்கிப் பாயை நெருக்கிப் பிடியுங்கள்.

பாயை மடிக்கும்போது இரண்டு ஓரங்களையும் தலையிலிருந்து கால்வரை தடவிப் பாருங்கள். முறுக்கு இருக்கக்கூடாது. இதை யாரும் அவசரத்தில் செய்வதில்லை, அதனால்தான் சிக்குகிறது.

ஆரம்பாக்கம்24 | திங்கள், இரவு 9:15

ஓட்டம் முடிந்து நேற்று திரும்பினோம். விவரமாக எழுதுகிறேன்.

பகல் 12 மணிக்குக் கிளம்பினோம். காற்று கிழக்கு-தென்கிழக்கு, 8 நாட். வாயிலைத் தாண்டி ஐந்து நிமிடத்தில் ஸ்பின்னேக்கரை ஏற்றினேன். பாதி ஏறியதும் நடுவில் முறுக்கிக்கொண்டு உடுக்கை விழுந்துவிட்டது. மேலே ஒரு குடம், கீழே ஒரு குடம், நடுவில் இடுப்பு. கீழிருந்து எவ்வளவு இழுத்தாலும் முறுக்கு பிரியவில்லை. ஹாலியார்டை (பாயைத் தூக்குகிற கயிறு) ஒரு மீட்டர் இறக்கி, மைத்துனர் ஷீட்டைப் பிடித்துப் படபடவென்று உதற, மெதுவாக அவிழ்ந்தது. மூன்று நிமிடம் போனது. அதற்குள் 26 அடிப் படகு நன்றாக முன்னே போய்விட்டது.

அதற்குப் பிறகு அக்கா சொன்னது அப்படியே நடந்தது. போல் முதலில் ஃபோர்ஸ்டே பக்கம், எண்ணூர் தாண்டும்போது பாதி பின்னால், கடைசி ஒரு மணி நேரம் காற்று தெற்கே திரும்பி 165 டிகிரிக்கு வந்தபோது முழுவதும் பின்னால். ஏசிம் வைத்திருந்த 28 அடிப் படகு அந்தக் கடைசி ஐந்து மைலில் கோணம் எடுத்துக் கடல் பக்கம் போய் வளைந்து வந்தது. நாங்கள் நேராக விளக்கைப் பார்த்துக்கொண்டே போனோம்.

காட்டுப்பள்ளிக்கு வெளியே நின்ற ஒரு கப்பலைத் தாண்டும்போது பாடு அண்ணன் சொன்ன அடி விழுந்தது. கிக்கரை விட்டோம், படகு நிமிர்ந்தது. என் கை அரை மணி நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மைத்துனர் நான்கு மணி நேரமும் ஷீட்டை விடவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை நான் பிரித்து ஊட்டினேன், கண் பாயின் ஓரத்தைவிட்டு நகரவில்லை.

முடிவு: நாங்கள் 4 மணி 12 நிமிடம் 20 விநாடி. 0.883ஆல் பெருக்கினால் 13,368.6 விநாடி. 26 அடிப் படகு 4 மணி 3 நிமிடம், அவர்கள் எண் 0.915. 13,340.7 விநாடி. 28 விநாடியில் இரண்டாவது.

தடா420 | திங்கள், இரவு 9:40

அண்ணா, 0.880 என்றால் 13,323 வருகிறதே! ஜெயித்திருப்பீர்களே!

ஆரம்பாக்கம்24 | திங்கள், இரவு 9:55

வரும் தம்பி. அதை நானும் நங்கூரம் போட்டதும் போட்டுப் பார்த்தேன். ஆனால் பாய் 4.6தான். இந்த 28 விநாடியை ஓடிய நேரமாக மாற்றினால் 32 விநாடி. தொடக்கத்தில் உடுக்கை விழுந்து நான் தொலைத்தது மூன்று நிமிடம். எண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, பாயை மடித்ததில்தான் குறை. கயிறு அண்ணன் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஒரு ஓரத்தை மட்டும் தடவிவிட்டு, மணியாகிவிட்டது என்று மூட்டையில் திணித்துவிட்டேன்.

பழவை பாடு | திங்கள், இரவு 10:10

உங்கள் படகு நேராக வந்ததைக் கரையிலிருந்து பார்த்தோம். அந்தச் சிவப்புப் பாய் ரொம்ப தூரத்திலேயே தெரிந்தது. என் அப்பா எழுந்து நின்று பார்த்தார். இந்தக் காற்றுக்கு இவன்தான் சரியாகப் பிடித்திருக்கிறான் என்றார்.

காசிமேடு கயிறு | திங்கள், இரவு 10:30

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாயை எடுத்துக்கொண்டு வாருங்கள் தம்பி. அடி உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றும் ரப்பர் பேண்டு ஒரு பொட்டலமும் நான் கொண்டுவருகிறேன். வாளிக்கு வெளியே ரப்பர் பேண்டுகளை மாட்டிவிட்டு, பாயை வாளி வழியாக உருவினால் முழத்துக்கு ஒன்றாக விழும். தலையிலிருந்து கீழ்முனைவரை நீளமான கயிறு மாதிரி ஆகிவிடும், முறுக்கு விழ இடமே இருக்காது. மேலே ஏற்றியபிறகு ஷீட்டை ஒரு இழுப்பு இழுத்தால் பட்பட்டென்று கீழிருந்து அறுந்துகொண்டே போய்ப் பாய் விரியும். அறுந்த ரப்பர் கடலில் விழக்கூடாது என்றால் பூக்கட்டும் நூலே போதும், இரண்டு சுற்று மட்டும்.

ஆரம்பாக்கம்24 | திங்கள், இரவு 10:40

மைத்துனரையும் அழைத்துவருகிறேன் அண்ணே. நூல் நான் வாங்கிக்கொள்கிறேன், வரும் வழியில் பூக்கடை இருக்கிறது.